மண்ணெண்ணெய்ப் புனலும் திமிங்கலப் படமும்

கீழ்வீட்டுக் கவிதாவின் போனில் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். ஏதோ படம் ஓடுகிறது, அதன் மேலே அவன் குரல். "இப்ப நம்ம ஹீரோ என்ன பண்றான்னா, மெதுவா கதவத் தொறக்கிறான். உள்ள பாத்தா பொணம்!" என்கிறான். கதவு இன்னும் திறக்கவே இல்லை. கவிதா சோற்றைப் பிசைந்த கையோடு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னாடி இது?" என்றேன்.

"படத்தோட கதையச் சொல்றாங்க பாட்டி. இதுக்குன்னே சேனல் இருக்கு. எவ்ளோ பேர் பாக்குறாங்க தெரியுமா?"

எனக்கு வயிறு எரிந்தது. அது என் வேலை. இந்தப் பையனின் அப்பன் அரைஞாண் கயிறோடு திரிந்த காலத்தில் நான் அதைச் செய்தேன். அதுவும் கதவு திறப்பதற்கு முன்னால் பிணத்தைச் சொல்லுகிற ஆளில்லை நான். எங்கள் சினிமாக் கொட்டகை மேனேஜர் தாஸ் பாபு இருந்திருந்தால், இவனை அன்றைக்கே டிக்கெட் கிழிக்கிற இடத்துக்கு அனுப்பியிருப்பார்.

"நீங்க ரங்கத் தியேட்டர்ல டிக்கெட்தானே கிழிச்சீங்க?" என்றாள் கவிதா. அவள் அதைக் கேட்டாளே, அதற்காகத்தான் இவ்வளவும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நடுவில் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பிறந்தது சிலோனில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். எங்களுக்கு மலை தெரியும், அட்டை தெரியும், கொழுந்து தெரியும். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. அப்புறம் எங்களையெல்லாம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கேம்ப்பில் இருந்தோம். அங்கிருந்து கப்பலேற்றி அந்தமானுக்கு. கப்பலில் நான் செய்த ஒரே காரியம் வாந்தி எடுத்தது. பக்கத்துப் படுக்கைக்காரி நல்லவள், புளி கொடுத்தாள், அவள் பெயர் மறந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் கொஞ்ச காலம் பால் வெட்டினோம். பிறகு என் வீட்டுக்காரருக்கு நடு அந்தமானில், ரங்கத்தில், மரம் அறுக்கிற சாமில் ஒன்றில் வேலை கிடைத்தது. எனக்கு அங்கிருந்த சினிமாக் கொட்டகையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. அப்புறம் லேடீஸ் கேட்டில் டிக்கெட் கிழிக்கிற வேலை. கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான். பெருக்கத் தெரிந்தால் போதும், கிழிக்கவும் வந்துவிடும்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் சொர்க்கமே இடிந்து விழுவது மாதிரி இருக்கும். சனி, ஞாயிறு மதியம் பெண்களுக்கு மட்டும் படம். வங்காளத்துப் பெண்கள், தெலுங்கர், மலையாளத்தார், நம்ம ஆட்கள் எல்லாரும் வருவார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது இந்தத் தீவு இந்திதான், அதையும் பாதிப் பேர் கையால்தான் பேசினோம். படப்பெட்டி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். போர்ட்பிளேரில் இறங்கி, அங்கிருந்து படகில் ரங்கத் ஜெட்டிக்கு, படகுத்துறைக்கு, வர வேண்டும். இந்திப் படம்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்க முடியுமா? எந்தப் பெட்டி வருகிறதோ அதைத்தான் ஓட்டுவோம். சில சமயம் இங்கிலீஷ் படம் வரும். ஒருத்திக்கும் ஒரு சொல் புரியாது.

அப்படி ஒரு படத்தின்போது பக்கத்தில் இருந்த வங்காளத்து அக்கா, "க்யா போல்தா?" என்றாள், என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? ஆனாலும் சொன்னேன். "அவன் அவளக் கட்டிக்க மாட்டேங்கிறான். அவனுக்கு ஏற்கெனவே ஊர்ல ஒருத்தி இருக்கா" என்றேன், இந்தியில். அவள் கண் கலங்கினாள். முன் வரிசை திரும்பியது. பின் வரிசை குனிந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் தாஸ் பாபு. கொட்டகை மேனேஜர். வங்காளத்துக்காரர், ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு பழுப்பு மஃப்ளர், இந்தப் புழுக்கத்தில்! அவர் படம் பார்த்து யாரும் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்று, ஜனங்களின் முகத்தைத்தான் பார்ப்பார். எந்த இடத்தில் வெற்றிலையை மெல்லாமல் நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆளைத் திட்ட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்தால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

மறுநாள் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். என் கையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல் ஒன்றைக் கொடுத்தார், பெரிது. "இதுல வாய வச்சுப் பேசு" என்று சைகை. கழுவிய புனல்தான், ஆனாலும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. இன்றைக்கும் யாராவது ஸ்டவ் பற்றவைத்தால் எனக்குக் கதை சொல்ல வாய் ஊறும்.

அவர் சட்டம் கண்டிப்பானது. பெட்டி வந்ததும், பிலிமில் ஒட்டுகள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர் காலையில் படத்தை ஒருமுறை ஓட்டுவார், அப்போது நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, தாடி, நெட்டை, தொப்பிக்காரன் என்று பார்த்தால் தெரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். நான் கையைத் தூக்கினால் மேலே ஆபரேட்டர் சத்தத்தைக் குறைப்பார், இறக்கினால் கூட்டுவார். நடப்பதைச் சொல்லலாம், நடக்கப்போவதைச் சொல்லக் கூடாது. ஜனங்கள் சிரிக்கும் முன்னால் சிரிக்கவே கூடாது.

ராணி மாதிரி இருந்தேன். எல்லாருக்கும் நான் தீதி, அக்கா. சந்தையில் மீன்காரிகூட "பாக்கியம் தீதி, இந்த வாரம் அழுகையா, சண்டையா?" என்று கேட்டுத்தான் எடை போடுவாள்.

பிறகு வந்தாள் முத்துராக்கு.

ராக்கு இராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரைக்காரி. புருஷன் ஜெட்டியில் வேலைக்கு வந்தவன். வந்த கொஞ்ச நாளிலேயே இந்தியையும் பிடித்துக்கொண்டாள். கொட்டகையில் கேட்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று அவளை எடுத்தார்கள். கறுப்பு, உயரம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. குரல் இருக்கிறதே, அலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல். "டிக்கெட்!" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாலே பஜாரில் நாய் எழுந்து நிற்கும். நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டிக்கெட் கிழிக்கக் குரல் எதற்கு?

அந்த நேரம் பார்த்து அந்தத் திமிங்கலப் படம் வந்தது.

பழைய இங்கிலீஷ் படம். நிறமெல்லாம் வெளுத்துச் சிவப்பாகிப்போனது, கடலே குங்குமத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு பாய்மரக் கப்பல், அதில் இருப்பவர்கள் எல்லாம் திமிங்கலம் பிடிக்கிறவர்கள். திமிங்கலத்தைக் கண்டதும் சின்னப் படகுகளை இறக்குவார்கள். படகின் முனையில் நின்று ஈட்டி எறிகிறவன்தான் பெரிய ஆள். அந்த இடம் முதலில் செம்பட்டை முடிக்காரன் ஒருவனுடையது. நடுவில் ஒரு துறைமுகத்தில் தாடிக்காரன் ஒருவன் கப்பலில் ஏறுகிறான். அவன் எறிந்த ஈட்டி தப்புவதே இல்லை. கேப்டன் அவனை முனைக்கு அனுப்பி, செம்பட்டையைப் பின்னால் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறான், கையில் ஒரு கோடாலியைக் கொடுத்து.

முதல் காட்சியில் நான்தான் சொன்னேன். ஈட்டி பாய்ந்து கயிறு விர்ரென்று ஓடும்போது ஒருவன் அதன் மேல் தண்ணீர் ஊற்றினான். "கயித்தக் கழுவுறான்" என்றேன் புனலில்.

கேட்டிலிருந்து ராக்கு வெடித்துச் சிரித்தாள். "ஏ தோட்டக்காரி! கழுவலடி, கயிறு ஓடுற வேகத்துல பத்திக்கும், அதான் தண்ணி ஊத்துறான்!" கொட்டகை முழுக்கக் கேட்டது, புனல் இல்லாமலே. ஜனங்கள் திரையைப் பார்த்தார்கள். கயிற்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

தாஸ் பாபு தூணில் சாய்ந்தபடி ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஸ்டூலில் ராக்கு. நான் கேட்டில்.

அவள் சொன்னது நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். காற்று எந்தப் பக்கம் மாறுகிறது, அடியில் போன மீன் எங்கே எழும்பும் என்று அவள் சொன்னபோது பெண்கள் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து, ஈரம் பட்டுவிடும் போலச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் கேட்டில் நின்று டிக்கெட்டைக் கொஞ்சம் அதிகமாகவே கிழித்தேன். ஒருநாள் அவளுக்குப் புனல் வாடை ஏறி இருமல் வந்துவிட்டது. இருமினாள், இருமினாள், திமிங்கலம் அந்தரத்தில் நிற்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் துடைப்பது போல முந்தானையால் மறைத்துக்கொண்டேன். அதுவும் சத்தம் இல்லாத சிரிப்புத்தான்.

மழைக்காலம், கடல் மோசம். அடுத்த பெட்டி வர வேண்டிய கப்பல் வரவில்லை. அதே திமிங்கலம் வாரா வாரம் ஓடியது. ஜனங்களும் வாரா வாரம் வந்தார்கள், வேறு எங்கே போவது?

இதில் இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் படத்தில் ஒரு துண்டு இல்லை. ஜெட்டியில் இறக்கும்போது ஒரு சுருள் கடல் தண்ணீரில் விழுந்து ஊறிப்போய், ஆபரேட்டர் அதை வெட்டிப் போட்டுவிட்டார். அதுவும் எந்த இடத்தில்? திமிங்கலம் ஈட்டியோடு கடலுக்குள் இறங்குகிறது. கயிறு தாடியின் காலைச் சுற்றிக்கொள்கிறது. படகு மூக்குக் குத்தி மூழ்கப்போகிறது. செம்பட்டை கோடாலியை ஓங்குகிறான். அவ்வளவுதான், வெட்டு. அடுத்தது கப்பலில் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்து நிற்கிறார்கள். தாடியைக் காணோம். அவன் நின்ற முனையில் செம்பட்டை நிற்கிறான்.

ராக்கு என்ன சொன்னாள் என்றால், "படகுல மத்தவங்க இருக்காங்க. கயித்த வெட்டலன்னா அத்தன பேரும் போவாங்க. கோடாலி யார் கையில இருக்கோ அவன் வெட்டித்தான் ஆகணும். அழுதுக்கிட்டே வெட்டுனான்" என்றாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் நான்கு பேர் இருக்கும்போது கேட்டேன். "அழுதானாம்! அவன் எடத்தப் புடுங்கினவன்டி அந்தத் தாடி. கால்ல சுத்துன கயித்த அவுக்க நேரம் இருந்துச்சு. இவன் அவுக்கல. அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?"

"நீ எந்தக் கடல்ல படகு ஓட்டுன?" என்றாள் ராக்கு.

"கடல் தெரியாது. மூஞ்சி தெரியும்."

அன்றையிலிருந்து குழாயடி இரண்டானது. வங்காளத்தார் ராக்கு பக்கம். தெலுங்குக்காரிகள் என் பக்கம். மலையாளத்து டீச்சரம்மா ஒருவர் மட்டும் இரண்டு பக்கமும் சிரிப்பார். விஷயம் தாஸ் பாபு காதுக்குப் போனது. அவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். சனிக்கிழமை ராக்கு சொல்லட்டும், ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் சொல்லட்டும், யார் சொல்லும்போது ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்கிறார்களோ, ஸ்டூல் அவளுக்கு நிரந்தரம், இன்னொருத்தி கேட்டோடு சரி என்றார்.

சனிக்கிழமை ராக்கு சொன்னாள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. பால்குடிப் பிள்ளைகள்கூட அழவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு ஸ்டூலுக்கா இந்தப் பாடு?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்? தோட்டத்தில் கங்காணி சொல்லைக் கேட்டோம், கேம்ப்பில் ஆபீசர் சொல்லைக் கேட்டோம். நான் சொல்லி நான்கு பேர் கேட்டது அந்த ஸ்டூலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகை நிறைந்துவிட்டது. நான் தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தாடி கப்பலில் ஏறினான், செம்பட்டை பின்னால் போனான், நன்றாகத்தான் போனது. திமிங்கலம் இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை! என் குரல் எனக்கே கேட்கவில்லை. புனலைக் கடித்துக்கொண்டு கத்துகிறேன், முதல் பெஞ்சுக்காரி காதைக் காட்டிக் கையை விரிக்கிறாள். பின்னால் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ராக்குவைக் கூப்பிடு என்று யாரோ கத்தினார்கள், "ராக்கு தீதி கோ புலாவ்!" எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ராக்கு, ராக்கு, ராக்கு.

அவள் கேட்டிலிருந்து நடந்து வந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். புனலை நீட்டினேன், நீட்டினேன் என்ன, கையை விட்டேன், அது கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதை என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

"சொல்லு. நான் கத்துறேன்."

"எந்தக் கதைய?"

"ஒன் கதையத்தான். சீக்கிரம், கோடாலிய ஓங்கிட்டான்!"

நான் சொன்னேன். கயிற்றை அவிழ்க்க நேரம் இருந்தது, இவன் அவிழ்க்கவில்லை. முனையில் நிற்கிற தாடி திரும்பிப் பார்க்கிறான். இவனும் பார்க்கிறான். தன் இடத்தைப் பார்க்கிறான். வெட்டுகிறான். நான் சொல்லச் சொல்ல அவள் அதை வாங்கி, மழைக்கு மேலே தூக்கிப் போட்டாள். ஒரு சொல் மாற்றவில்லை. படம் தொப்பி கழற்றுகிற இடத்துக்கு வந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. தானாக ஒன்று சேர்த்தாள். "வெட்டினான். வெட்டிட்டு, சிரிச்சான்!"

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பெஞ்சுக்காரி, "ஹாய் ராம்" என்று நெஞ்சில் கை வைத்தாள். தாஸ் பாபு என் காலத்தில் அந்த ஒருமுறைதான் திரும்பித் திரையைப் பார்த்தார்.

என் கதை ஜெயித்தது. ஆனால் அவள் வாயில் ஜெயித்தது. அதிலும் எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப்போனது அந்தச் சிரிப்பை. நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. "ஏண்டி அப்பிடிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கு ஒன் மொறைதான?" என்றாள் ராக்கு. "எங்க கரையில வலை விடுறதுக்கு மொறை உண்டு. யார் மொறையோ அவங்க மீனு. இழுக்க ஆள் பத்தலன்னா நாங்க எல்லாரும் போய் இழுப்போம். அதுக்காக மீனத் தூக்கிட்டா போவோம்?"

"சிரிப்ப மட்டும் தூக்கிட்டியே."

"அது இழுத்த கூலி."

தாஸ் பாபு ஸ்டூலை எடுத்துவிட்டு இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு ஒன்றைப் போட்டார். கடல், சண்டை, கொள்ளைக்காரன் எல்லாம் அவள். கல்யாணம், துரோகம், மாமியார் எல்லாம் நான். கொட்டகை மூடுகிற வரைக்கும் அப்படித்தான். திரைப்பக்கத்து ஓரம் யாருக்கு என்று மட்டும் கடைசி நாள்வரை இடித்துக்கொண்டோம். அவள் இடுப்பு பெரிது.

இவ்வளவும் சொன்ன பிறகு கவிதா போனில் என்னவோ தட்டினாள். "பழைய படம், திமிங்கலம், ரெண்டு பேரு, கோடாலி" என்று கேட்டுக் கேட்டுத் தேடினாள். சாயங்காலம், "பாட்டி, இதானா பாருங்க" என்று கொண்டுவந்தாள். கடல் நீலமாக இருந்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பிறகு தாடி வந்தான். அடப்பாவி, எத்தனை இளமை!

தண்ணீரில் போன துண்டு அதில் இருந்தது. கோடாலியை ஓங்குகிறான். வெட்டுகிறான். தாடி போய்விடுகிறான், படகு நிமிர்கிறது, மற்றவர்கள் விழுந்து கிடக்கிறார்கள். செம்பட்டை சட்டைக் கையால் முகத்துத் தண்ணீரைத் துடைக்கிறான். அந்தக் கைக்குப் பின்னால் வாயோரம் லேசாக ஏறுகிறது.

"கவிதா, திரும்ப வை" என்றேன். வைத்தாள். "திரும்ப." சிரிக்கிறான். நிச்சயமாகச் சிரிக்கிறான். நான் கட்டிலில் உட்கார்ந்தே ஆடினேன். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என் கதைதான் சரி! அப்போதே சொன்னேன், மூஞ்சி தெரியும் என்று!

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் கதைக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சிரிப்பு. அது அவளுடையது.

இதை அவளுக்குக் காட்டுவதா, வேண்டாமா? காட்டினால் அவள் ஜெயித்தாள். காட்டாவிட்டால் நான் ஜெயித்ததும் யாருக்கும் தெரியாது. அந்தச் சண்டை தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான் பாக்கி. நாங்கள் இப்போது இருப்பது போர்ட்பிளேர் பக்கத்துக் கராச்சர்மாவில். மறுநாள் காலையில் கவிதாவைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து பஸ் ஏறினேன். ராக்கு இப்போது பெரார்கஞ்சில் மகள் வீட்டில் இருக்கிறாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் ஒருவன் கோழிக்கூண்டை என் காலில் வைத்தான், அவனைத் திட்டக்கூட மறந்துவிட்டேன்.

வாசலில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குரல் மட்டும் அப்படியே.

"வாடி தோட்டக்காரி! இன்னும் சாகலியா?"

"ஒன்ன அனுப்பி வச்சிட்டுத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். கவிதா போனை என் கையில் கொடுத்துப் படத்தை ஓட விட்டாள். ராக்கு போன் மேல் குனிந்தாள். கயிறு, புகை, தண்ணீர். "பாத்தியா, கழுவுறான்" என்று என்னை இடித்தாள். திமிங்கலம் இறங்கியது. கோடாலி எழுந்தது. அதுவரைக்கும் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை, சத்தியமாக. அவன் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். என் கட்டைவிரல் தானாகப் போய் அவன் முகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"வெரல எடுடி."

"வெயில் அடிக்குது. மறைச்சேன்."

"சிரிச்சானா?"

"இல்ல."

ராக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

"சிரிச்சிருப்பான்" என்றாள். "மூஞ்சியத் தொடைக்கிற சாக்குல சிரிப்பான். நான் கண்ணால பாத்துருக்கேன். நான் ஸ்டூல்ல ஒக்காந்து இருமிக்கிட்டு கெடந்தப்ப, லேடீஸ் கேட்டுல நின்னு ஒருத்தி அப்பிடித்தான் சிரிச்சா. முந்தானையால தொடச்சுக்கிட்டே."

நான் விரலை எடுத்தேன். அதற்குள் படம் ஓடிப்போய்விட்டது. எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப வைம்மா" என்றாள் ராக்கு கவிதாவிடம். "இந்தத் தடவ நான் சொல்றேன்."

"அதெப்புடி?" என்றேன் நான். போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "இப்ப என் மொறை."